கிரைண்டரில் அரைத்த சாக்லேட்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பம்ப் டிசைன் பண்ணிட்டிருந்தவன் இப்ப சாக்லேட் பண்றானாமே" என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உலவுகிறது. உண்மைதான். மெக்கானிக்கல் முடித்து எட்டு வருடம் பம்ப் கம்பெனியில் இருந்தேன். 2019-இல் அதை விட்டு, கோகோ கொட்டையிலிருந்து சாக்லேட் செய்யும் சின்னப் பட்டறை ஒன்று போட்டேன். "ஏண்டா, மிட்டாய் செய்யறதுக்கா நாலு வருசம் இன்ஜினியரிங் படிக்க வெச்சேன்?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதிலே இந்த உரை.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. பழத்தை உடைத்து, வெள்ளைச் சதையோடு கொட்டையை மரப்பெட்டியில் கொட்டி, வாழை இலையால் மூடி, ஐந்தாறு நாள் புளிக்க வைக்க வேண்டும். உள்ளே சூடு 45 டிகிரியைத் தாண்டும். சாக்லேட் மணத்துக்கு அங்கேதான் அடித்தளம். தோசை மாவு புளிக்க வைக்கும் நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிறகு காய வைத்து, வறுத்து, தோலைப் புடைத்து எடுத்து அரைக்க வேண்டும்.

எதில் அரைப்பது? 2000-க்குப் பிறகு அமெரிக்காவில் கையால் சாக்லேட் செய்யத் தொடங்கியவர்கள் தேடிப் பிடித்தது நம் வெட் கிரைண்டரைத்தான்! கோவையில் பிறந்து, புவிசார் குறியீடும் பெற்ற அதே கிரைண்டர். ஆனால் இட்லி மாவுக்கு அரை மணி நேரம் போதும். சாக்லேட்டுக்கு இரண்டு மூன்று நாள் நிற்காமல் ஓட வேண்டும். துகள் 20 மைக்ரான் அளவுக்கு வந்தால்தான் நாக்கில் மணல் மாதிரி தட்டாது. மோட்டார் சூடு, கல்லின் அழுத்தம், பெல்ட் தேய்மானம்... எல்லாம் நாம் படித்த பாடம்தான்.

பழைய மெக்சிகோவிலும் கோகோவைக் கல்லில்தான் அரைத்தார்கள், மிளகாய்கூடச் சேர்த்தார்கள். ஆக, கல்லும் காரமும் சாக்லேட்டுக்குப் புதிதல்ல. எங்க அமுச்சி தரும் சுக்கும் கருப்பட்டியும் அதில் சேர வேண்டும் என்பது என் ஆசை. சிக்கல் என்னவென்றால், கருப்பட்டியில் ஈரம் உண்டு. சாக்லேட்டில் கொஞ்சம் தண்ணீர் பட்டாலே கட்டி தட்டிவிடும். அதனால் சீவி, இளஞ்சூட்டில் நன்றாக உலர்த்திய பிறகே கல்லில் போடுகிறோம். கடைசியில் டெம்பரிங். மெட்டலர்ஜி வகுப்பில் கேட்ட அதே சொல். இங்கே வேலை வேறு. 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 28-க்கு இறக்கி, மறுபடி 31-க்கு ஏற்றினால் கோகோ வெண்ணெய் சரியாகப் படிகமாகும். உடைத்தால் 'டக்' என்று சத்தம் வரும்.

இனி பணம். மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் குறைந்து, 2024-இல் உலகச் சந்தையில் கோகோ விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. தோப்புக்காரர்களுக்கு நல்ல காலம், எனக்குத் தூக்கமில்லை. "நல்லாப் புளிக்க வெச்சுத் தர்றனுங்க தம்பி, விலைய மட்டும் கொறைக்காதீங்க" என்றார் ஒரு பெரியவர். கேட்ட விலையைக் கொடுத்தேன். அந்த வருடம் எங்கள் வீடு என் மனைவியின் ஆசிரியை சம்பளத்தில்தான் ஓடியது. இதை மறைத்துவிட்டு 'துணிந்து இறங்குங்கள்' என்று மேடையில் முழங்குவது முறையல்ல. பின்னால் விலை இறங்கியது. அந்தப் பெரியவர் இன்றும் நல்ல கொட்டையை எனக்குத்தான் முதலில் காட்டுகிறார்.

வேலை மாறத் துடிக்கும் தம்பி தங்கைகளே, முதலில் ஒரு வருடச் செலவுக்குப் பணம் சேருங்கள், வீட்டாரிடம் கணக்கை ஒளிக்காமல் காட்டுங்கள். படித்த படிப்பு எங்கே போனாலும் கூட வரும்.

மோட்டார் துறையில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: மூன்று நாள் சூடேறாமல் ஓடும் சின்ன மோட்டார் ஒன்று எனக்கு வேண்டும். பட்டறைக்கு வாருங்கள். கூலி சாக்லேட்டாகத் தரப்படும்!