அடுப்புக் கதவின் இடுக்கு
(உத்திரமேரூர் பகுதி ஐக்கிய சங்க அங்கத்தினர்களிடையே இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கடன் வாயிதாவைப் பற்றிப் பேசுவேனென்று அஞ்சி வந்திருப்பீர்கள். இன்று அதை விட்டு, உங்கள் புழைக்கடையிலுள்ள வெந்நீர் அடுப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல உத்தேசித்திருக்கிறேன். சமையலுக்கு எரிவாயு வந்துவிட்ட வீடுகளிலும், குளிக்க வெந்நீர் வைக்கவும் நெல் புழுக்கவும் விறகடுப்பு இன்னும் உபயோகத்திலிருக்கிறது.

ஹைதராபாத் இஞ்சினீயரிங் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த எஸ். பி. ராஜு அவர்கள் புகையில்லா அடுப்பைப் பற்றி எழுதிய நூல் 1953-ஆம் வருஷத்தில் நமது சென்னையிலேயே அச்சாயிற்று. 1980-களில் சர்க்காரும் அவ்வித அடுப்புகளை நாடெங்கும் பரப்பிற்று. நம்மவரில் சிலர் புகைக்குழாயோடு, விறகிடும் வாய்க்குத் தகரக் கதவும் வைத்துக் கட்டிக்கொண்டார்கள். ஆனால் இரண்டொரு வருஷத்தில், "இதுவும் புகைகிறதே" என்று குழாயைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். குற்றம் அடுப்பினுடையதன்று, பெரும்பாலும் கதவோரத்து இடுக்கினுடையது.

காரணம் இதுவே. குழாயிலுள்ள சூடான காற்று மேலே ஏறும்போது கீழேயிருந்து வேறு காற்றை இழுக்கிறது. இடுக்குகளின் வழியே குளிர்ந்த காற்று புகுந்தால் குழாய் ஆறிப்போய் இழுப்புக் குறையும். அப்பொழுது விறகு அதிகம் செலவாகும். புகையும் வீட்டிற்குள்ளேயே திரும்பும்.

நெருப்பு நன்றாகப் பற்றிய பிறகு ஓர் ஊதுவத்தியை ஏற்றிக் கதவைச் சுற்றிப் பிடியுங்கள். அதன் புகை எங்கே உள்ளே வளைந்து செல்கிறதோ அங்கே இடுக்கு உண்டு. அடுப்பின் புகையே வெளியே தள்ளினால் குழாய் அடைபட்டிருக்கிறதென்று அறிக.

இதை நான் கஷ்டப்பட்டே கற்றேன். என் வீட்டு அடுப்பில், குழாயைப் பாராமல் இடுக்குகளை மட்டும் பூசிவிட்டேன். குழாயிலோ கரி மண்டியிருந்தது. அன்று என் தாயாருக்குத் தலைவலியும் மயக்கமும் வந்தன. அரைகுறையாக எரியும் கரியிலிருந்து எழும் விஷ வாயுவுக்கு மணமில்லை. மூடிய அறையில் உயிருக்கே அபாயம். ஆகையால் முதலில் குழாயைத் துடையுங்கள். தணல் இருக்கையில் குழாயை ஒருபோதும் மூடாதீர்கள்.

குளிர் தேசங்களில் இரும்பு அடுப்புக் கதவின் விளிம்பில் ஒரு கயிற்றைப் பதிக்கிறார்கள். முன்னர் அது கல்நாரால் ஆயிற்று. அதன் தூசி நுரையீரலைக் கெடுப்பதால் இப்போது கண்ணாடி நாரால் செய்கிறார்கள். (உங்கள் வீட்டுக் குழாய் கல்நார்ச் சிமெண்டானால் அதை ரம்பத்தால் அறுக்க வேண்டாம்.) நமக்கு மண்ணே போதும். சிமெண்டுப் பூச்சு நெருப்பில் வெடிக்கும். வெறும் களிமண் காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். களிமண்ணில் மணலும் சாணமும் சிறிது உமியும் கலந்து நன்றாக மிதித்து, ஒரு நாள் ஊறவிடுங்கள்.

அடுப்பு ஆறிய பின் பழைய பூச்சைச் சுரண்டி, அவ்விடத்தை நனைத்து, இக்கலவையைத் தடவுங்கள். கதவின் விளிம்பில் விளக்கெண்ணெய் பூசிச் சாம்பல் தூவி, ஈர மண்ணில் அழுத்தி, மெதுவாக எடுங்கள். கதவின் அச்சு மண்ணிலேயே பதிந்துவிடும். பிறகு இடுக்கு ஏது? நிழலில் காயவைத்து, முதலில் சுள்ளி நெருப்பே மூட்டுக. மயிரிழைபோல் வெடித்தால் மறுபடியும் பூசுங்கள்.

இதற்குச் சங்கக் கடன் கோரி மனுப் போட வேண்டியதில்லை. கூட்டம் கலைந்ததும் எவரேனும் தம் வீட்டு அடுப்பைக் காட்டினால், ஊதுவத்தியோடு வருகிறேன்.