கருத்துக்குக் கூலி

உழைப்புக்குக் கூலி உண்டென்பது உலகறிந்த செய்தி. விளைந்த நெல்லுக்கு விலை உண்டு. நெய்த துணிக்கு விலை உண்டு. எழுதிய நூலுக்கும் விலை உண்டு. ஆனால், ஒருவர் எந்தப் பற்பசையைப் பயன்படுத்துகின்றார், எந்தத் தேயிலையை விரும்புகின்றார் என்று வினவி, அவர் சொல்லும் விடைக்கும் விலை கொடுப்பார் உளர் என்றால், கேட்போர் ஐயுறுதல் இயல்பே. "வீட்டிலிருந்தபடியே வினாக்களுக்கு விடையளித்துப் பணம் ஈட்டுங்கள்" என்னும் அழைப்பு, கைத்தொலைபேசி வைத்திருக்கும் பலரையும் இன்று தேடி வருகின்றது. உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காக மாதக்கணக்கிற் காத்திருக்கும் மாணவர், வேலை தேடி அலையும் பட்டதாரி, கைக்குழந்தையை விட்டு அகல முடியாத தாய், ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருக்கும் முதியவர் ஆகியோரே இவ்வழைப்பை ஆவலோடு நோக்குகின்றனர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், டொலரில் வருமானம் என்னும் சொல்லுக்கு இலங்கையில் ஒரு தனிக் கவர்ச்சியும் உண்டாயிற்று. ஆதலால், இஃது மெய்யா, பொய்யா என ஆராய்தல் வீண்வேலை ஆகாது.

ஒருவருடைய கருத்துக்கு மற்றொருவர் ஏன் பணம் கொடுத்தல் வேண்டும்? இவ்வினாவுக்கு விடை காண, 1936 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த சனாதிபதித் தேர்தலை நோக்குதல் பொருந்தும். லிற்றறி டைஜெஸ்ற் என்னும் சஞ்சிகை ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு அஞ்சல் வழியாக வாக்குச் சீட்டுகளை அனுப்பிற்று. 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் விடை அனுப்பினர். அவற்றைக் கூட்டிப் பார்த்து, லாண்டன் என்பவரே வெல்வார் என அச்சஞ்சிகை அறிவித்தது. நடந்ததோ வேறு. அந்நாளில் இருந்த 48 மாநிலங்களுள் 46 மாநிலங்களை ரூஸ்வெல்ற் வென்றார். அதே வேளையில், ஜோர்ஜ் கலப் என்பவர் மிகச் சிறிய தொகையினரை மட்டும் தெரிந்தெடுத்து வினவி, ரூஸ்வெல்ற்றே வெல்வார் எனச் சரியாகச் சொல்லியிருந்தார். சஞ்சிகை செய்த பிழை யாது? தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோரின் பெயர்ப் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலான முகவரிகளை அது திரட்டியிருந்தது. வறியோரின் குரல் அதன் காதில் விழவில்லை. அன்றியும், விடை அனுப்ப விரும்பியோரின் கருத்து மட்டுமே அதற்குக் கிட்டியது.

இதிலிருந்து பெறப்படும் உண்மை யாதெனின், எத்தனை பேர் விடை சொன்னார்கள் என்பதிலும், எத்தகையோர் விடை சொன்னார்கள் என்பதே முக்கியமானது என்பதாம். ஒரு பொருளைச் சந்தைக்கு அனுப்புமுன் அதனை வாங்கக் கூடியோரின் மனத்தை அறிய விரும்பும் நிறுவனமும், மக்களின் போக்கை ஆராயும் பல்கலைக்கழகமும், தக்க மனிதரைத் தேடிப் பிடித்து அவர்தம் நேரத்தைப் பெறவேண்டியுள்ளன. நேரம் பெறுமதி உடையது. அப்பெறுமதிக்கு ஈடாகவே சிறு தொகை வழங்கும் வழக்கம் உண்டாயிற்று. இணையம் பரவியபின் அவ்வழக்கம் பெருகிற்று. 2000 ஆம் ஆண்டில் இலண்டனில் தொடங்கிய யூகவ், 2013 ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனம் தொடங்கிய கருத்துக் கணிப்புச் சேவை, 2014 ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் நகரில் தோன்றிய புரொலிபிக் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. எனவே, கருத்துக்குக் கூலி என்பது முழுப் பொய் என்று தள்ளிவிடக் கூடியதன்று.

ஆயின், கூலி எவ்வளவு என்பதே அடுத்த வினா. விடையளிப்போருக்கு மணித்தியாலத்துக்கு 6 பவுண் என்ற கீழெல்லையைப் புரொலிபிக் விதித்திருக்கின்றது. இத்துறையில் இது நல்ல கூலியாகக் கருதப்படுவது. மறுபுறத்தில், வினாக்கொத்துகளும் வேறு சிறு பணிகளும் வழங்கப்படும் அமேசன் நிறுவனத்தின் தளமொன்றைப் பற்றி 2018 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அங்குப் பணியாற்றியோருட் பாதிப்பேர் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 2 டொலரோ அதனினும் குறைவாகவோ ஈட்டினர். அமெரிக்காவின் சட்டபூர்வமான குறைந்த கூலியாகிய 7.25 டொலருக்கு மேற் பெற்றோர் நூற்றுக்கு நால்வரே. பணி தேடிக் காத்திருந்த நேரத்தையும், முடிக்க முடியாது போன பணிகளில் வீணான நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டதனாலேயே இவ்வுண்மை வெளிப்பட்டது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பத்து நிமிடம் விடையளித்த பின்னர், "தாங்கள் இவ்வாய்வுக்குப் பொருத்தமானவர் அல்லர்" என்று சொல்லி, ஒரு சதமும் கொடாது அனுப்பிவிடும் தளங்கள் பல. பணத்துக்குப் பதிலாகப் புள்ளிகளை வழங்கி, அப்புள்ளிகள் குறித்த ஒரு தொகையை எட்டும் வரை எதையும் தராத தளங்களும் உள. பெரும்பாலான ஆய்வுகள் அமெரிக்கா, ஐரோப்பா முதலிய நாடுகளின் சந்தைகளுக்கென நடத்தப்படுவன. ஆதலால், இலங்கையில் இருப்பவருக்கு வாய்ப்பும் குறைவு. சுருங்கச் சொல்லின், நேர்மையான தளமும் கைச்செலவுக்குச் சிறிது உதவலாம். குடும்பத்துக்குச் சோறு போடாது.

இனி, நேர்மையற்ற பக்கத்தை நோக்குவோர் மூவகை வலைகளைக் காணலாம். முதல் வகை, பதிவுக் கட்டணம் கேட்பது. கட்டணம் செலுத்தியதும் அழைத்தவர் மறைந்துவிடுவார். இரண்டாவது வகை, பணத்தையன்றி விபரங்களைக் கவர்வது. வினாக்கொத்தின் இடையே அடையாள அட்டை இலக்கம், வங்கி அட்டையின் இலக்கம், வங்கியிலிருந்து வரும் இரகசிய எண் ஆகியன கேட்கப்படும். பற்பசை பற்றிய ஆய்வுக்கு வங்கியின் இரகசிய எண் எதற்கு என்று ஒரு கணம் நின்று சிந்திப்பவர் தப்பிக்கொள்வார்.

மூன்றாவது வகையே மிகக் கொடியது. வட்ஸ்அப் வழியாகவோ டெலிகிராம் வழியாகவோ முன்பின் அறியாத ஒருவர் பேசுவார். சில பொருள்களுக்கு மதிப்பீடு வழங்குமாறும், சில வினாக்களுக்கு விடையளிக்குமாறும் கேட்பார். முதல் நாளில் உண்மையாகவே சில நூறு ரூபா வங்கிக் கணக்கில் வந்து சேரும். இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடிக்கும் தந்திரம் அது. நம்பிக்கை ஊன்றியதும், உயர்ந்த பணிக்குச் சிறு வைப்புத்தொகை வேண்டும் என்பார். திரையிலே இலாபம் நாள்தோறும் பெருகுவதாகக் காட்டப்படும். எடுக்க முயன்றால் வரி என்றும், அபராதம் என்றும் மேலும் பணம் கேட்கப்படும். இத்தகைய மோசடி பற்றி அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவுக்கு 2020 ஆம் ஆண்டில் ஒரு முறைப்பாடேனும் வரவில்லை. 2023 ஆம் ஆண்டில் ஏறக்குறைய 5,000 முறைப்பாடுகளும், 2024 ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் மட்டும் ஏறக்குறைய 20,000 முறைப்பாடுகளும் வந்தன. இறால் சிறிதாயினும், அதனை நம்பிப் போவது தாலிக்கொடி அடகு வைத்த பணமாகவும், தங்கையின் படிப்புக்கெனச் சேர்த்த பணமாகவும் இருக்கக் கூடும். பிறர் பணத்தைத் தன் கணக்கில் ஏற்று, வேறொருவருக்கு அனுப்பிக் கொடுக்க உடன்படும் இளைஞனின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அப்பணம் வேறொருவரிடம் ஏமாற்றிப் பறித்ததாயின், பொலிசார் முதலில் தட்டுவது அவனது வீட்டுக் கதவையே.

ஏமாற்றுவோர் கேட்பவர் பக்கத்தில் மட்டுமே உளர் என்று கொள்ளுதல் நியாயமாகாது. விடை சொல்வோரிலும் அத்தகையோர் உண்டு. அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2022 ஆம் ஆண்டில் ஒரு சோதனை செய்தது. விரும்பியவர் சேரக்கூடிய இணையக் கணிப்பொன்றிலே, அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலைச் செலுத்த அனுமதி பெற்றவரா என்று வினவப்பட்டது. முப்பது வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்குப் பன்னிருவர் "ஆம்" என்றனர். அத்தகைய அனுமதி பெற்றோர் அந்நாடு முழுவதிலும் மிகச் சிலரே. வினாவை வாசியாமலே, கூலியை மட்டும் நோக்கி விரைந்தவர்களின் விடை அது. விடையளித்தவருக்குச் சில சதங்கள் கிடைத்திருக்கலாம். ஆனால், அத்தகைய விடைகளை நம்பி மருந்து பற்றியும், கல்வி பற்றியும், இளைஞரின் எண்ணம் பற்றியும் முடிவு செய்வோர் பிழையான முடிவுக்கு வருவர். ஆதலால், மெய்யான கூலி பெற விரும்புவோர் மெய்யான விடையையே தரக் கடமைப்பட்டவர்.

மெய்யைப் பொய்யினின்று பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. பணம் எத்திசையிற் செல்கின்றது என்று நோக்குதலே அது. வேலை கொடுப்பவர் வேலை செய்பவருக்குக் கூலி கொடுத்தலே உலக வழக்கு. வேலை செய்பவர் வேலை கொடுப்பவருக்குப் பணம் செலுத்துமாறு எப்பெயரால் கேட்கப்பட்டாலும், பதிவு என்றாலும், வைப்பு என்றாலும், வரி என்றாலும், அவ்விடத்தை விட்டு அகலுதலே அறிவுடைமை. இரண்டாவது, உழைப்புக்கும் ஊதியத்துக்கும் உள்ள பொருத்தத்தை நோக்குதல். ஐந்து நிமிட விடைக்கு ஐயாயிரம் ரூபா என்பவர், விடையை விரும்பி வந்தவர் அல்லர். மூன்றாவது, நேர்மையான தளத்திலும் செலவான நேரத்தையும் வந்த பணத்தையும் ஒரு வாரம் கொப்பியிற் குறித்துப் பார்த்தல். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். நேரமும் அளந்து போட வேண்டிய பொருளே. அதே நேரத்தில் ஒரு மொழியையோ தொழிலையோ கற்றிருக்கலாமே என்று அக்குறிப்பே பலருக்குச் சொல்லிவிடும்.

ஏற்கெனவே ஏமாந்தவர் வெட்கத்தினால் வாளாவிருத்தல் கூடாது. வங்கிக்கு உடனே அறிவித்தல் வேண்டும். பொலிஸ் நிலையத்தில் முறையிடல் வேண்டும். உரையாடல்களையும் பற்றுச்சீட்டுகளையும் அழியாது பேணல் வேண்டும். இழந்ததை மீட்டுத் தருவேன் என்று பின்னர் வருபவருக்கும் ஒரு சதமேனும் கொடுத்தல் ஆகாது. அவர் பெரும்பாலும் முன்னவரின் கூட்டாளியே. பிள்ளை உண்மையைச் சொல்லும்போது பெற்றோர் சினந்தெழுந்தால், அடுத்த முறை அவன் எதையும் சொல்லான். இழப்பை மறைக்க மேலும் கடன்படுவான். முதல் ஐயாயிரத்தோடு நின்றிருக்க வேண்டிய இழப்பு ஐந்து இலட்சமாக வளர்வது பெரும்பாலும் அந்த மறைவினாலேயே. ஆதலால், பிள்ளைகள் அஞ்சாது சொல்லத்தக்க இடமாக வீடு இருத்தல் எல்லாவற்றினும் முதன்மையான காவலாகும்.