வாடை மழையும் நாற்சக்கர வண்டியும்



கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்திலே டிசம்பர் 1 ஆந் திகதி முதல் மார்ச்சு 15 ஆந் திகதி வரை, பனிக்காலத்துக்குரிய தனி டயர்களைப் பூட்டாமல் மோட்டார் வண்டியைத் தெருவில் இறக்குவது சட்டப்படி குற்றமாகும். ஊவாவிலே பனிக்கட்டி வீழ்ந்து பாதையை மூடுவதில்லை. ஆயினும் ஊவாவுக்கும் ஒரு மாரி உண்டு. ஆடி ஆவணியில் வறண்ட காற்று வீசும் இம்மலைகளின் கிழக்குச் சரிவிலே, ஐப்பசியில் மாலை இடியோடு தொடங்கும் மழை, வாடைக் காற்றோடு சேர்ந்து தை மாதம் வரை நின்று பெய்யும். அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கங்களிலே நண்பகலிலும் மூடுபனி இறங்கும். தோட்டத்துப் பாதையில் செம்மண் கரைந்து சேறாகும். இந்த மாரிக்கு வண்டியை ஆயத்தப்படுத்த வேண்டும் எனச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஆதலின் உடையவரே அதனைச் செய்து கொள்ளல் வேண்டும்.

நான்கு சக்கரத்தாலும் இழுக்கும் வண்டி தோட்டப் பகுதிக்குப் புதியதன்று. இரண்டாம் உலகப் போரிலே பெயர் பெற்றது ஜீப். 1948 இல் லாண்ட் றோவர் பிறந்தது. துரைமாரின் பங்களாவுக்கும் மலைக்கும் இடையே ஓடித் திரிந்த அவ்வண்டிகளைத் தோட்டத்துப் பெரியவர்கள் இன்றும் நினைவு கூர்வர். புதிது யாதெனின், அந்த வலு இப்பொழுது சாதாரணக் குடும்பங்களின் கைக்கும் வந்திருப்பதே. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்து விடப்பட்டது. கடன் பட்டும், காணி விற்றும், வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பிய பணத்தைச் சேர்த்தும் 'ஃபோர்வீல்' வாங்கியவர்கள் பதுளை மாவட்டத்திலும் உளர். வாங்கிய அன்று பூமாலை சூட்டி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அதன் பின்னர் அறிய வேண்டியது ஒன்று உண்டு.

சாதாரண வண்டியில் இயந்திரத்தின் வலு இரண்டு சக்கரங்களுக்கே செல்கிறது. இவ்வகை வண்டியிலோ நான்குக்கும் செல்கிறது. சேற்றில் ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றொன்று மண்ணைப் பற்றி ஏற்றிவிடும். ஆனால் நிறுத்துவது வேறு காரியம். பிரேக் எல்லா மோட்டார் வண்டிகளிலும் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. ஆகவே நிறுத்தும் வேளையில் ஃபோர்வீல் வண்டிக்குத் தனி வலு எதுவும் இல்லை. அது பாரங் கூடியதாயின் நிற்க இன்னுஞ் சிறிது தூரம் கேட்கும். ஏறும்போது வழுக்காத வண்டி இறங்கும்போதும் வழுக்காது என எண்ணும் சாரதி, முதல் வளைவிலேயே ஏமாறுவான். சாதாரணக் காரின் சாரதி அஞ்சித் திரும்பிப் போகும் பாதையில் இவன் துணிந்து இறங்கி விடுகிறான் என்பதே இதிலுள்ள ஆபத்து.

வண்டியின் கைந்நூலை முதலிற் படிக்க வேண்டும். (பலர் அதனை உறை பிரிக்காமலே வைத்திருக்கின்றனர்.) பழைய ஜீப் முறையிலே சாரதியே இரண்டாவது லீவரை இழுத்து முன்சக்கரங்களைச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்த வண்டியைக் காய்ந்த தார்ப் பாதையில் வளைவுகளிலே ஓட்டலாகாது. வளையும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடுவதால், இரண்டையும் பூட்டிப் பிடிக்கும் பாகங்கள் முறுகித் தேயும். புதிய கார்கள் பலவற்றில் இந்த வேலையை வண்டியே பார்த்துக் கொள்கிறது. முன்சக்கரம் வழுக்கினால் வலுவைப் பின்னுக்கும் அனுப்பும். எனினும், செங்குத்தான மலைக்கு ஏற்ற மிகத் தாழ்ந்த கியர் இவற்றுட் பலவற்றில் இல்லை. ஆதலால் ஜீப் ஏறிய மலையெல்லாம் இதுவும் ஏறும் என எதிர்பார்த்தல் கூடாது.

இனி டயர். வண்டி எத்துணைப் பெரிதாயினும், ஒவ்வொரு டயரும் பாதையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலமே. டயரின் பள்ளங்கள் அங்குள்ள நீரை வெளியேற்றுகின்றன. புதிய டயரில் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் ஆழம் இருக்கும். 1.6 மில்லிமீற்றர் வரை தேயலாம் எனப் பல நாடுகளின் சட்டங்கள் இடங் கொடுத்தாலும், மழைப் பாதைக்கு 3 மில்லிமீற்றரிலேயே மாற்றுவது அறிவுடைமை. புத்தம் புதிய டயரோ வார்ப்பிலிருந்து வந்த மினுக்கம் தேயுமட்டும், முதற் சில நூறு கிலோமீற்றர் சற்று வழுக்கும். வெல்லவாய வெயிலிலே காற்று நிரப்பி அப்புத்தளைக் குளிருக்கு ஏறினால் டயரின் அமுக்கம் குறையும். ஆதலின் வண்டி இரவு தங்கும் ஊரிலே, காலையில் ஓட்டத் தொடங்குமுன் அளத்தல் வேண்டும்.

ஃபோர்வீல் வண்டிக்கு இன்னுமொரு விதி உண்டு. நான்கு டயர்களும் ஒரே அளவாகவும் ஏறக்குறைய ஒரே தேய்வாகவும் இருத்தல் அவசியம். தோட்டத்துக் கல்லொன்று ஒரு டயரைக் கிழித்துவிட, தேய்ந்த மூன்றோடு புதிய ஒன்றைப் பூட்டினால், உருளும் அளவு வேறுபட்டு உட்பொறி ஓயாமல் வருந்தும். புதிய கார்கள் சிலவற்றில் மாற்று டயர் மெலிந்ததாகவே வருகிறது. சிலவற்றில் அதுவும் இல்லை. மடுல்சீமை மலையில் நடுவழியிலே அதனைக் கண்டு திகைப்பதிலும், கடையிலேயே கேட்டுவிடுதல் நலம்.

எல்லவிலிருந்து வெல்லவாய இறங்கும் பாதையிலே, 2025 செப்டெம்பரில் ஒரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 உயிர்கள் போயின. அத்தகைய இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாது மிதித்துக் கொண்டே வருதல் தகாது. சூடேறினால் பிரேக்கின் பிடி தளரும். கருகிய மணம் வரின் அது எச்சரிக்கை. ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய லொறிச் சாரதிகள் சொல்வர். தானியங்கிக் கியர் உள்ள வண்டியிலும் தாழ்ந்த நிலை உண்டு. அது எங்கேயென மாரிக்கு முன்னரே பழகிக் கொள்க. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. இரண்டாண்டுக்கொரு முறை அதனை மாற்றச் சொல்வது கராஜ்காரரின் பேராசையாலன்று.

மூடுபனியிலே வெளிச்சத்தைத் தூக்கிப் போட்டால், அது வெண்சுவரில் பட்டது போல் சாரதியின் கண்ணுக்கே திரும்பி வரும். தாழ்ந்த வெளிச்சமே வழி காட்டும். புதிய காரின் உள்ளே, பிளாஸ்டிக்கிலிருந்து எழும் ஆவி கண்ணாடியில் மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படியும். பகலில் அது தெரியாது; இரவு மழையில் எதிர்வண்டியின் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி முழுதும் பூத்துவிடும். ஒரு சுத்தமான துணியால் உட்புறத்தைத் துடைக்கக் கால் மணி நேரம் போதும்.

மதகுக்கு மேலாக வெள்ளம் பாயுமாயின், இறங்காதிருத்தலே முறை. ஓரடி நீர் சிறிய காரை மிதக்கச் செய்யும். இரண்டடி ஓடும் நீர் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். சேற்று நீரின் கீழே பாதை இருக்கின்றதா, அரித்துப் போயிற்றா என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆழமற்ற நீரைக் கடந்த பின், மெதுவாக ஓடிக்கொண்டே பிரேக்கை இலேசாக அழுத்தி உலர்த்துதல் வேண்டும்.

மலையே இறங்கி வருமாயின் எந்த வண்டியும் பயன்படாது. 2014 ஒக்டோபர் 29 காலையிலே கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை ஊவா மறக்கவில்லை. 2025 நவம்பரிலே 'டித்வா' புயலின்போது பதுளை மாவட்டத்துப் பாதைகள் பல மண்சரிவால் அடைபட்டன. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. சிவப்பு எச்சரிக்கை உள்ள இடத்தில், வண்டி வெளியேறுவதற்கே அன்றி உட்செல்வதற்கு அன்று. மழை விட்ட பின்னும் பாதையோரத்துக் கற்பாறைகளை நம்பலாகாது. 2021 மார்ச்சில் பசறைக்கு அண்மையில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பலர் இறந்த இடத்திலே, முன்னரே சரிந்த பாறையொன்று பாதையைக் குறுக்கியிருந்தது.

வண்டியின் பின்புறத்தே மண்வெட்டி, கத்தி, டோர்ச், இழுவைக் கயிறு, சக்கரத்துக்கு அணை கொடுக்க இரண்டு மரக்கட்டைகள், ஒரு கம்பளி, குடிநீர் ஆகியன இருக்கட்டும். இழுவைக் கயிற்றை மாட்டும் கொக்கி புதிய கார்களிலே தனியாகக் கழற்றி வைக்கப்பட்டிருக்கும்; அதனைத் தேடி ஒரு முறை பூட்டிப் பார்க்க வேண்டும். சவர்க்காரத் துண்டு ஒன்றும் உதவும். மழையிலே டயர் மாற்றுபவனின் காலை அட்டைகள் மறப்பதில்லை.

இத்தனையும் யாருக்காக? மலையுச்சித் தொங்கல் லயத்திலே, நள்ளிரவு 2 மணிக்கு ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை எடுக்கிறது என நேயர்கள் மனத்திற் கொள்க. 1990 ஐ அழைத்தாயிற்று. ஆனால் அம்புலன்ஸ் பெரும்பாதை வரையே வரக்கூடும். "ஐயா, வண்டிய எடுங்கய்யா" என்று கங்காணியார் வந்து கதவைத் தட்டுகிறார். ஏறவேண்டியவர்கள் மூவர், ஏற வந்தவர்களோ எட்டுப் பேர். உடையவர் தாயையும், கணவனையும், மருத்துவமறிந்த ஒரு பெண்ணையும் மட்டும் ஏற்றிக்கொண்டு, மற்றவருள் ஓர் இளைஞனை டோர்ச்சோடு முன்னே நடக்கச் சொல்கிறார். தாழ்ந்த கியரிலே, அவன் காலடி வேகத்திலே, வண்டி மடுவத்தைக் கடந்து இறங்குகிறது. இரண்டாவது வளைவிலே மண் சற்றுச் சரிந்து கிடக்கிறது. இளைஞன் கையை உயர்த்துகிறான், வண்டி நிற்கிறது. பின்னாலுள்ள மண்வெட்டியை எடுக்கக் கணவன் இறங்குகிறான்.