இரண்டு பேர் சுமந்த துப்பாக்கி



சினிமாவில் கதாநாயகன் இயந்திரத் துப்பாக்கியை இடுப்போடு அணைத்துக்கொண்டு, எதிரிக் கூட்டம் மொத்தமும் விழும் வரை விடாமல் சுடுகிறான். தோட்டா தீர்வதில்லை. குழல் சூடாவதில்லை. தோளும் வலிப்பதில்லை. 1942 ஜனவரியில் இந்தப் பத்து பாகாட் மாவட்டத்துச் சாலைகளில் சுடப்பட்ட துப்பாக்கியின் கணக்கு வேறு. அதன் தோட்டாக் கூட்டில் 30 தோட்டாக்கள்தாம் பிடிக்கும். சுடும் வேகமோ நிமிடத்துக்குச் சுமார் 500. விசையிலிருந்து விரலை எடுக்காமல் அழுத்தினால் நான்கு வினாடிக்குள் கூடு காலி. அடுத்த கூட்டை யார் எடுத்துக் கொடுப்பது? அந்தக் கூடு எங்கிருந்து வரும்? பத்து பாகாட் போரின் கதையில் பெரும்பகுதி இந்த இரண்டு கேள்விக்குள் இருக்கிறது.

அந்தத் துப்பாக்கியின் பெயர் பிரென். பிறந்த ஊர் இங்கிலாந்து என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது செக்கோஸ்லோவாக்கியாவின் பர்னோ நகரத்துப் பிள்ளை. அங்கே வாட்ஸ்லாவ் ஹோலக் என்ற வடிவமைப்பாளர் 1920களில் உருவாக்கிய இசட்.பி. 26 என்ற இலகுரக இயந்திரத் துப்பாக்கிதான் மூலம். பிரிட்டிஷ் ராணுவம் அதைச் சோதித்துப் பார்த்துத் தன்னுடைய 303 தோட்டாவுக்கு ஏற்ப மாற்றச் செய்து, 1935-இல் ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்தில் அதைத் தயாரித்த ஊர் என்ஃபீல்டு. பர்னோவின் முதல் இரண்டு எழுத்தையும் என்ஃபீல்டின் முதல் இரண்டு எழுத்தையும் சேர்த்துப் பிரென் என்று பெயர் வைத்தார்கள். சம்பந்தி வீடுகள் இரண்டும் சேர்ந்து பேரனுக்குப் பெயர் வைத்தது போல.

இயங்கும் விதம் கேட்பதற்குச் சிக்கலாக இருந்தாலும் அடிப்படை எளிது. தோட்டா வெடித்ததும் குண்டு குழலுக்குள் பாய்கிறது. அதன் பின்னால் பயங்கர அழுத்தத்தோடு வெடிவாயு வருகிறது. குழலில் ஒரு சிறு துளை. அதன் வழியே வாயுவில் கொஞ்சம் பிரிந்து கீழேயுள்ள உருளைக்குள் போய் ஒரு பிஸ்டனைப் பின்னால் தள்ளுகிறது. தோட்டாவின் பின்பக்கத்தை அடைத்து நிற்கும் இரும்புத் துண்டுக்கு போல்ட் என்று பெயர். சுடும் நேரத்தில் அதன் பின்முனை மேலே தூக்கி, உடலிலுள்ள பள்ளத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். பிஸ்டன் பின்வாங்கும்போது அந்தப் பின்முனையைக் கீழே இறக்கிப் பூட்டைத் திறக்கிறது. காலித் தோட்டா கீழ்ப்பக்கமாக விழுகிறது. பிறகு ஸ்பிரிங் எல்லாவற்றையும் முன்னால் தள்ள, புதுத் தோட்டா உள்ளே போகிறது, பூட்டு விழுகிறது, மறுபடி வெடிக்கிறது. ஒரு வினாடியில் இது எட்டு முறைக்கு மேல் நடக்கிறது. சேறோ கரியோ படிந்து இயக்கம் மந்தமானால், வாயுத் துளையைப் பெரிதாக்க நான்கு அளவுள்ள ஒரு திருப்பி இருந்தது. மழையும் சேறும் நிறைந்த ஜோகூரில் அந்தத் திருப்பியைப் பயன்படுத்தத் தெரியாதவன் கையில் பிரென் வெறும் பத்துக் கிலோ இரும்புதான்.

தோட்டாக் கூடு துப்பாக்கியின் தலைமேல் வாழைக்காய் போல வளைந்து நிற்கும். அழகுக்காக வளைத்ததல்ல. 303 தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு உண்டு, அடிப்பாகம் சற்றுப் பருத்திருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரிசை தானாகவே வளையும். கூட்டை நிரப்பும்போது ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் அதற்குக் கீழே இருக்கும் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் விழ வேண்டும். ஒரேயொரு தோட்டா பின்னால் மாட்டிக்கொண்டாலும் துப்பாக்கி திக்கிப்போகும். ஸ்பிரிங் தளராமல் இருக்க, முப்பது பிடிக்கிற கூட்டில் 28 போடுவதே வழக்கமானது. கூடு மேலே இருப்பதால் சுடுபவன் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ள முடியும். ஆனால் நேராகக் குறி பார்க்க முடியாது. கூடு மறைக்கிறதே! அதனால் குறி பார்க்கும் அமைப்பை இடப்பக்கமாகத் தள்ளி வைத்தார்கள். இடது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு இந்தத் துப்பாக்கி ஒத்துவராது.

அடுத்தது சூடு. வேகமாகப் பத்துக் கூடு சுட்டால் குழல் கொதித்துவிடும். அப்போது ஒரு நெம்பியைத் திருப்பி, குழலின் கைப்பிடியைப் பிடித்துக் கழற்றி, மாற்றுக் குழலை மாட்ட வேண்டும். பழகிய கைக்குச் சில வினாடி வேலை. அந்த மாற்றுக் குழலைச் சுமந்து வருபவனே இரண்டாம் ஆள். படுத்திருக்கும் சுடுநரின் பக்கத்தில் அவனும் படுத்து, மேலிருந்து காலிக் கூட்டைப் பிடுங்கிப் புதுக் கூட்டைச் செருகுவான். எங்கே குண்டு விழுகிறது என்று பார்த்துச் சொல்வான். முதல் ஆள் விழுந்தால் இவன் துப்பாக்கியை எடுப்பான்.

மற்றவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அந்தக் காலப் பிரிட்டிஷ், இந்தியச் சிப்பாயின் மார்பில் இரண்டு கித்தான் பைகள் தொங்குவதைப் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பையின் அளவே பிரென் கூட்டுக்காக எடுத்த அளவு. ஒரு பிரிவில் பத்துப் பேர், ஆளுக்கு இரண்டு கூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது கூடு, 560 தோட்டா. விடாமல் சுட்டால் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் வரும், அவ்வளவுதான். அதனால்தான் நான்கைந்து தோட்டாவாக அளந்து சுடச் சொல்லிக்கொடுத்தார்கள். அளந்து சுடுவது பதற்றத்தில் வராது. மாதக்கணக்கில் பழகினால்தான் கை அடங்கும்.

தோட்டாக் கூட்டுக்குப் பதில் தோட்டாப் பட்டை, 303-க்குப் பதில் வேறு அளவு என்று இன்றைய துப்பாக்கிகள் மாறியிருக்கின்றன. பெல்ஜியத்து மினிமியானாலும், 2020 மார்ச்சில் இந்தியா 16,479 எண்ணிக்கையில் வாங்க ஒப்பந்தம் செய்த இஸ்ரேலின் நெகேவ் ஆனாலும், வாயு பிஸ்டனைத் தள்ளும் முறையும் சூடான குழலைக் கழற்றி மாற்றும் ஏற்பாடும் மாறவில்லை. எடை குறைந்தது. ஆனால் குறைந்த எடைக்கு ஈடாகச் சிப்பாய் இன்னும் அதிகத் தோட்டா சுமக்கிறான்.

இனி 1942-க்கு வருவோம். ஜனவரி 3-ஆம் தேதி சிங்கப்பூரில் வந்து இறங்கியது 45-ஆவது இந்தியப் படைப்பிரிவு. ஜாட், கட்வாலி, ராஜபுதனா ரைஃபிள்ஸ் என்று மூன்று பட்டாளங்கள். மத்திய கிழக்குப் பாலைவனத்துக்காகத் தயார் செய்யப்பட்டவர்கள். பழகிய ஆட்களைப் புதுப் பட்டாளங்களுக்கு உருவி எடுத்துவிட்டு, அந்த இடங்களைப் புதியவர்களால் நிரப்பியிருந்தார்கள். மீசை சரியாக முளைக்காத பையன்கள் பலர். ரப்பர் தோட்டத்தையோ சதுப்பு நிலத்தையோ அவர்கள் பார்த்ததில்லை. வந்து ஒரு வாரத்துக்குள் மூவார் ஆற்றங்கரையில் சுமார் 39 கிலோமீட்டர் நீளத்தைக் காவல் காக்க அவர்களை நிறுத்தினார்கள். ஆற்றைக் கடந்து வந்தது ஜப்பானியப் பேரரசின் காவற்படை டிவிஷன்.

ஜப்பானியனிடம் உயர்ந்த ஆயுதம் இருந்தது, அதனால் தோற்றோம் என்று ஒரு பேச்சு இன்றும் உண்டு. டாங்கி, விமானம் விஷயத்தில் அது சரி. மூவார் முனையில் பிரிட்டிஷார் பக்கம் ஒரு டாங்கிகூடக் கிடையாது. ஆனால் சிப்பாய் தோளில் சுமக்கும் இயந்திரத் துப்பாக்கியில் அப்படிச் சொல்ல முடியாது. ஜப்பானியரின் 96 வகைத் துப்பாக்கியைப் பிரென் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைமேல் வளைந்த 30 தோட்டாக் கூடு, இரண்டு கால் தாங்கி, கழற்றக்கூடிய குழல். அண்ணன் தம்பி போல இருக்கும். சீனப் போரில் செக் நாட்டுத் துப்பாக்கியிடம் அடிபட்ட அனுபவம் ஜப்பானியருக்கு உண்டு. 96 வகையை வடிவமைத்த நம்பு கிஜிரோவின் கைவண்ணத்தில் அந்தச் சாயல் தெரிகிறது. 96 வகையில் தோட்டாவுக்கு எண்ணெய் பூச வேண்டியிருந்தது. எண்ணெயில் மணலும் தூசியும் ஒட்டும். அந்த வகையில் பிரென் ஒரு படி மேல் என்றே சொல்ல வேண்டும்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? சாலையில்தான். இந்த மாவட்டத்தில் ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். பாரிட் சுலோங், பாரிட் ராஜா. பாரிட் என்றால் வாய்க்கால். சாலையின் இரு பக்கமும் வாய்க்கால், அதற்கப்பால் சேறு, தென்னை, ரப்பர். லாரி சாலையை விட்டு இறங்க முடியாது. காட்டு வழியாகச் சுற்றி வந்த ஜப்பானியர் ஒரு வளைவில் மரத்தை வெட்டிப் போட்டு, அதன் பின்னால் இரண்டு மூன்று இலகுரகத் துப்பாக்கியைப் படுக்க வைத்தார்கள். நூற்றுக்கணக்கான லாரி கொண்ட படை அங்கேயே நின்றுவிடும். அதே வகைத் துப்பாக்கி, ஆனால் ஒருவன் அதைச் சாலைக்குக் குறுக்கே வைத்துக் காத்திருக்கிறான். மற்றவன் லாரியிலிருந்து குதித்து அதை நோக்கி ஓட வேண்டியிருக்கிறது.

பக்ரியிலிருந்து பின்வாங்கிய 45-ஆவது படைப்பிரிவின் மிச்சமும் ஆஸ்திரேலியர்களின் இரண்டு பட்டாளங்களும் ஜனவரி 20 முதல் இப்படி ஒவ்வொரு தடையாக உடைத்துக்கொண்டு வந்தன. படைப்பிரிவின் தளபதி பிரிகேடியர் டங்கன் கொல்லப்பட்டார். ஆஸ்திரேலியரான சார்லஸ் ஆண்டர்சன் தலைமை ஏற்றார். இதற்காகப் பின்னர் அவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. சிம்பாங் கிரி ஆற்றின் மேலுள்ள பாரிட் சுலோங் பாலத்துக்கு வந்தபோது பாலம் ஜப்பானியர் கையில் இருந்தது. பலத்த காயம்பட்டவர்களை மட்டுமாவது இரண்டு ஆம்புலன்ஸில் பாலம் தாண்ட விடும்படி ஆண்டர்சன் கேட்டார். எல்லோரும் சரணடைந்தால்தான் என்று பதில் வந்தது. 22-ஆம் தேதி காலை சிங்கப்பூரிலிருந்து வந்த விமானங்கள் உணவும் மார்ஃபியாவும் போட்டுவிட்டுப் போயின. தோட்டா தீர்ந்துகொண்டிருந்தது. பீரங்கிகளையும் வண்டிகளையும் அழித்துவிட்டு, நடக்க முடிந்தவர்கள் சதுப்பு வழியே யோங் பெங் போகலாம் என்று அவர் உத்தரவிட்டார்.

நடக்க முடியாதவர்கள் அங்கேயே இருந்தார்கள். சுமார் 110 ஆஸ்திரேலியர், 40 இந்தியர். அன்றே அவர்கள் கொல்லப்பட்டார்கள். உடல்கள் எரிக்கப்பட்டன. செத்தவர் போலக் கிடந்து தப்பிய ஓரிருவரின் சாட்சியம் பின்னர் விசாரணைக்கு உதவியது. காவற்படை டிவிஷனின் தளபதி நிஷிமுரா 1951 ஜூன் 11-ஆம் தேதி மானுஸ் தீவில் தூக்கிலிடப்பட்டார்.

அதே வாரம் பத்து பாகாட் பட்டணத்தில் இன்னொரு படை சிக்கியிருந்தது. கேம்பிரிட்ஜ்ஷயர் பட்டாளம் 1941 அக்டோபரில் இங்கிலாந்தில் கப்பலேறி, ஜனவரி 13-இல் சிங்கப்பூரில் இறங்கி, ஒரு வாரம் முடிவதற்குள் இங்கே வந்து சேர்ந்தது. கம்பாரில் அடிபட்டு வந்த பிரிட்டிஷ் பட்டாளமும் இருந்தது. 25-ஆம் தேதி இரவு அவர்கள் கடலோரச் சாலையில் தெற்கே பின்வாங்கினார்கள். செங்காராங்குக்கு அப்பால் மறுபடியும் அதே தடை, அதே வளைவு. உடைக்க முடியவில்லை. வண்டிகளை விட்டுவிட்டுச் சதுப்பில் இறங்கினார்கள். கரையோரம் பொங்கோர் ஆற்று முகத்தில் டிராகன்ஃபிளை, ஸ்கார்ப்பியன் என்ற இரண்டு சிறு போர்க்கப்பல்கள் இரவு இரவாக வந்து அவர்களை ஏற்றிப் போயின.

செங்காராங்கில் விடப்பட்ட காயம்பட்டவர்களோடு பாதிரியார் நோயல் டக்வொர்த் தங்கிவிட்டார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் எட்டுப்பேர் படகை ஓட்டிச் சென்றவர், உருவத்தில் குள்ளமானவர். ஜப்பானியச் சிப்பாய்கள் வந்து அடித்தபோதும் அவர் காயம்பட்டவர்களை விட்டு நகரவில்லை. பாரிட் சுலோங்கில் நடந்தது அங்கே நடக்கவில்லை.

45-ஆவது படைப்பிரிவு அதற்குப் பிறகு படைப்பிரிவாக இல்லை. யோங் பெங் போய்ச் சேர்ந்த இந்தியர்கள் சுமார் 400 பேர். எரிக்கப்பட்டவர்களுக்குக் கல்லறை கிடையாது. சிங்கப்பூர் கிராஞ்சியில் கல்லறை இல்லாத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்களைப் பொறித்த நினைவுச் சுவர்கள் இருக்கின்றன. ஜாட், கட்வால், ராஜபுதனா என்ற தலைப்புகளின் கீழ் வரிசை வரிசையாகப் பெயர்கள். போகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பெயர்கள் இருக்கும் பக்கமே நிற்கிறார்கள்.

அந்தத் துப்பாக்கிகள் என்ன ஆயின? சதுப்பில் கிடந்தவற்றைப் பொறுக்கிக் காட்டுக்குள் கொண்டுபோனவர்கள் உண்டு. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஜப்பானியர் கைப்பற்றியவை பின்னர் இந்திய தேசிய ராணுவத்தின் கைக்கு வந்தன. 1943 அக்டோபர் 22-ஆம் தேதி சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறக்கப்பட்டது. தலைவி டாக்டர் லட்சுமி. வந்து சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் மலாயாத் தோட்டப்புறத்துத் தமிழ்ப் பெண்கள். விடியற்காலையில் எழுந்து பால்மரம் வெட்டிய கைகள். அந்தப் பெண்களுக்கும் ரைஃபிளோடு பிரென் பயிற்சி தந்தார்கள். கூட்டில் தோட்டா அடுக்கும் முறை அவர்களுக்கும் அதேதான். ஒவ்வொரு விளிம்பும் கீழே உள்ளதற்கு முன்னால், இருபத்தெட்டோடு நிறுத்து.