மேடைக்கு இரண்டாவது கிதார்



1985ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துச் சாம்பெய்ன் நகரில், உழவர்களுக்கு நிதி திரட்டும் பொருட்டு ‘ஃபார்ம் எய்ட்’ என்னும் மாபெரும் இசைவிழா நிகழ்ந்தது. அங்கே பாடிக்கொண்டிருந்த பி. பி. கிங் அவர்களின் மின்சாரக் கிதாரில் தந்தியொன்று அறுந்தது. அவர் பாட்டை நிறுத்தினாரில்லை. பாடியவாறே புதுத் தந்தியைக் கோத்து முறுக்கி, சுருதி சேர்த்து, மீண்டும் வாசிக்கலானார். அப்போது அவருக்கு வயது 60.

அத்தகைய கைத்திறம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆகவேதான் மேடையேறுவோர் பலர் இரண்டாவது கிதார் ஒன்றை அருகில் வைத்துக்கொள்கின்றனர். அதனைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சு. கரும்பலகையோடு காலங்கழித்த எனக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் வியக்கலாம். என் பெயரன் திருமணங்களில் வாசிக்கும் இன்னிசைக் குழுவில் இருக்கிறான். சென்ற ஆவணியில் ஒரு வரவேற்பில் அவன் கிதாரில் தந்தி ஒன்று அறுந்தது. மற்ற ஐந்தும் அக்கணமே சுருதி பிசகின. பாடிய பெண், பாவம், பல்லவியை முடிக்க இயலாது நின்றாள். பேசிய ஊதியத்தில் ஒரு பகுதியை அன்று வீட்டார் பிடித்துக்கொண்டனர்.

ஒன்று அறுந்தால் ஐந்தும் ஏன் பிசகவேண்டும்? அவனுடையது, ஃபெண்டர் நிறுவனத்தார் 1954இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை. அதன் குதிரையை அவன் மிதக்கும்படி அமைத்திருந்தான். அதாவது, ஒருபுறம் தந்திகளும் மறுபுறம் வில்சுருள்களும் இழுக்க, அவ்விரண்டின் சமநிலையில் குதிரை நிற்கும். ஒரு தந்தி போனதும் சுருள்களின் கை ஓங்குகிறது, குதிரை பின்சாய்ந்து எஞ்சிய தந்திகளை இழுக்கிறது, சுருதி ஏறிவிடுகிறது. வடமிழுக்கும் போட்டியில் ஒருவன் கைவிட்டால் நேர்வதும் இதுவே அன்றோ!

ஆதலின், இரண்டாவது கிதாருக்கு அசையாத குதிரை வேண்டும் என்றேன். அவனுக்கோ கிப்ஸன் நிறுவனத்தாரின் லெஸ் பால் மீது ஆசை. குதிரை அசையாததுதான், நாதமும் கனமானது. ஆயினும், ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஒலிக்கும் தந்தியின் நீளம் 25½ அங்குலம். லெஸ் பாலில் ஏறத்தாழ 24¾.

“தாத்தா, முக்கால் அங்குலம் ஒரு பெரிதா?” என்றான்.

பெரிதுதான். மெட்டுகளின் இடைவெளி குறுகுகிறது. அதே பருமனுள்ள தந்தி, அதே சுருதியில், சற்றுத் தளர்ந்து நிற்கிறது. வீட்டில் ஒரு நாழிகையில் பழகிவிடும். பாட்டின் நடுவே கருவி மாற்றுபவனுக்கு அந்த நாழிகை ஏது? ஒலியிலும் வேற்றுமை உண்டு. லெஸ் பாலில் பெரும்பாலும் அமைவது, 1955இல் சேத் லவர் கிப்ஸனுக்காக உருவாக்கிய ஹம்பக்கர் என்னும் இரட்டைச் சுருள். மின்னிரைச்சலை அது அடக்கும். ஆனால் ஒற்றைச் சுருளைவிடப் பொதுவாக உரத்து ஒலிக்கும். கருவி மாறியதும் பாடுபவர் குரல் அமுங்கிப்போகும்.

ஃபெண்டரின் டெலிகாஸ்டர் வகையே ஏற்றது என்று முடிவாயிற்று. அதே 25½ அங்குலம், அதே ஒற்றைச் சுருள், அசையாத குதிரை. பழையது ஒன்று நியாயமான விலைக்குக் கிடைத்தது. இரண்டிலும் ஒரே பருமனுள்ள தந்திகளை ஒரே நாளில் மாற்றுகிறான். மேடை விளக்குகளின் வெப்பத்தில் இரண்டையும் சிறிது நேரம் வைத்திருந்து, அதன் பிறகே சுருதி சேர்க்கிறான். பெட்டிக்குள் உறங்கும் கிதார் யாருக்கும் உதவாது.

லெஸ் பாலை மூன்றாவதாக வாங்கிக்கொள்ளலாம் என்றேன். அவன் பாட்டி அதற்கு இன்னும் இசையவில்லை.