குஜராத்தி காலண்டரும் நமது திதிகளும்

(கொச்சங்காடியில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேறு ஏதாவது பேசலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் நம் அங்கத்தினர்களில் பலருடைய பிள்ளைகள் அகமதாபாத், வடோதரா, சூரத், மும்பை என்று இருக்கிறார்கள். சிலர் வீட்டில் குஜராத்தி மாட்டுப்பெண்ணும் வந்தாயிற்று. அதனால் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு தவறைச் சொன்னால் பிரயோஜனப்படும் என்று தோன்றியது.

எங்கள் தகப்பனார் காலமானது ஆவணி மாதம் கிருஷ்ண பக்ஷ தசமி. என் தம்பி வடோதராவில் இருக்கிறான். 2020-ல் கொரோனா சமயம், வாத்தியார் வீட்டுக்கு வர வழியில்லை, இங்கிருந்து அனுப்பும் பஞ்சாங்கமும் போய்ச் சேரவில்லை. சுவரில் மாட்டியிருந்த குஜராத்தி காலண்டரைப் பார்த்திருக்கிறான். "ஆவணி என்றால் ச்ராவண், கிருஷ்ண பக்ஷம் என்றால் வத்" என்று கணக்குப் போட்டு, ச்ராவண் வத் தசமியான ஆகஸ்ட் 14 அன்று தனக்குத் தெரிந்த மட்டில் ச்ராத்தத்தை முடித்துவிட்டான். சாயங்காலம் போன் வந்தது. "அண்ணா, அப்பா ச்ராத்தம் ஆச்சு" என்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இன்னிக்கு ஆடி முப்பதுடா, ஆவணியே பொறக்கலையே" என்றேன்.

பாவம், அவன் மேல் தவறு சொல்ல முடியாது. முந்தின வருஷம் அதே காலண்டர் சரியாகத்தான் காட்டியது. 2019-ல் ச்ராவண் வத் தசமியும் நமது ஆவணி தசமியும் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரே நாளில் வந்தன. அப்படியிருக்க ஒரே வருஷத்தில் என்ன மாறியது? விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் நான் உட்கார்ந்து பார்த்த கணக்கு இதுதான்.

திதி எல்லோருக்கும் பொது. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே 12 பாகை விலகினால் ஒரு திதி. அதில் குஜராத்தி என்றும் தமிழர் என்றும் கிடையாது. மாதம்தான் வேறு. நமக்கும் கேரளத்தாருக்கும் சூரியன் ராசி மாறினால் மாதம் மாறும். குஜராத்தில் அமாவாஸ்யை முடிந்த மறுநாள் புது மாதம். சந்திர மாதம் பன்னிரண்டு சேர்ந்தால் 354 நாள் சொச்சம்தான். வருஷத்துக்கு 11 நாள் பின்தங்கும். அது ஒரு மாதத்தை எட்டும்போது, சங்கராந்தி இல்லாத சந்திர மாதம் ஒன்று வரும். அதை அதிக மாஸம் என்று சேர்த்துக் கணக்கை நேர் செய்வார்கள். 19 வருஷத்தில் ஏழு தடவை இப்படி வரும். 2020-ல் அதிக ஆச்வினம் செப்டம்பர் 18-ல் ஆரம்பித்தது. அதாவது ஆகஸ்டில் அவர்கள் காலண்டர் எவ்வளவு முன்னால் ஓட முடியுமோ அவ்வளவு ஓடியிருந்தது. ச்ராவண் அமாவாஸ்யை நமது ஆவணி மூன்றாம் தேதியே வந்துவிட்டது. ஆகவே ஆவணியில் விழும் கிருஷ்ண தசமி அவர்களுக்கு அடுத்த மாதமான பாதர்வோ வத் தசமி, அதாவது செப்டம்பர் 12.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. காசி, டில்லி பக்கத்துக் காலண்டரில் பௌர்ணமியோடு மாதம் முடியும். அவர்கள் ச்ராவணம் குஜராத்தைவிட 15 நாள் முன்னதாகவே தொடங்கிவிடும், கிருஷ்ண பக்ஷம் முதலில் வரும். தம்பி அந்தக் காலண்டரைப் பார்த்திருந்தால் ஜூலையிலேயே ச்ராத்தம் செய்திருப்பான்!

பண்டிகைகளில் இந்தச் சிக்கல் குறைவு. நாம் யஜுர் உபாகர்மம் செய்யும் ச்ராவண பௌர்ணமியில்தான் அவர்களுக்கு ரக்ஷாபந்தன். அதற்கு பளேவ் என்று பெயர். குஜராத்தி பிராமணர்களும் அன்று பூணூல் மாற்றுகிறார்கள். கோகுலாஷ்டமி அவர்களுக்கு ச்ராவண் வத் எட்டு, வடக்கே பாத்ரபத கிருஷ்ண எட்டு. பெயர்தான் வேறு, நாள் ஒன்று. நம்மில் ரோகிணி பார்ப்பவர்களுக்கு மட்டும் சில வருஷம் தள்ளிப்போகும்.

அதற்கு முந்தின நாள் சீதளா சாதம். அன்று அடுப்பே மூட்டக்கூடாது. ராந்தண் சட் என்று அதற்கும் முந்தின நாளே தேப்லா, பூரி எல்லாம் செய்து வைத்து, மறுநாள் ஆறினதைத்தான் சாப்பிட வேண்டும். பழையது பட்ட கையைக்கூட மடி சமையலறைக்குள் விடாத நம் பாட்டிமார் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்! ஏகாதசியிலும் அப்படித்தான். அரிசி கூடாது என்று நாம் ரவா உப்புமா சாப்பிட்டு விரதம் என்கிறோம். அவர்களுக்குக் கோதுமையும் தானியம்தான், விரதம் பங்கம். உருளைக்கிழங்கு, ஜவ்வரிசி, இந்துப்பு, சாமோ என்கிற குதிரைவாலி, இவைதான் அவர்கள் பலகாரம். மாட்டுப்பெண் ஏகாதசியன்று உருளைக்கிழங்கு வதக்கினால் மாமியார்கள் தயவுசெய்து முகம் சுளிக்க வேண்டாம். அவளும் விரதம்தான்.

சாவித்திரி விரதம் மட்டும் சேரவே சேராது. நமக்கு மாசியும் பங்குனியும் கூடும் வேளையில் காரடையான் நோன்பு. அது சூரியக் கணக்கு, மார்ச் நடுவில் வரும். அவர்களுக்கு ஜேட் மாதப் பௌர்ணமியில் ஆலமரத்தைச் சுற்றி நூல் கட்டும் வட சாவித்திரி. கதை ஒன்றே. இரண்டு குடும்பத்து வழக்கமும் உள்ள பெண் இரண்டையும் செய்தால் என்ன குறைந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். வாத்தியார்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

தீபாவளியில் நமக்கு விடியற்கால சதுர்த்தசி முக்கியம், அவர்களுக்கு மாலை அமாவாஸ்யை. இங்கே குஜராத்தி ரோடு கடைகளில் கணக்குப் புத்தகத்துக்கு நடக்கும் சோப்டா பூஜையைப் பார்த்திருப்பீர்கள். கார்த்திகை முதல் நாள் விக்ரம வருஷம் பிறக்கும், லாப பஞ்சமியன்று கடை திறப்பார்கள். வருமான வரிக்கு எல்லோரும் மார்ச் 31-ல்தான் கணக்கு முடிக்க வேண்டும் என்று 1989-90 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து விதி வந்தது. அதற்குமுன் தீபாவளியோடு கணக்கு முடித்த வியாபாரிகள் ஏராளம். பூஜையை மட்டும் அவர்கள் விடவில்லை. 2022-ல் அக்டோபர் 24 தீபாவளி, 25 சூரிய கிரகணம், 26 தான் புது வருஷம். நடுவில் எதிலும் சேராமல் நிற்கும் நாளுக்கு தோகோ என்று பெயர்.

19 வருஷத்தில் ஏழு அதிக மாஸம் என்றேனே, யூதர்களின் காலண்டரிலும் அதே கணக்குதான். இதே கொச்சங்காடியில் 1344-ல் கட்டிய யூதர் ஜெபாலயத்தின் கல்வெட்டு இப்போது மட்டாஞ்சேரி பரதேசி ஜெபாலயச் சுவரில் இருக்கிறது. பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அதிக மாஸமே கிடையாது, அதனால் ரமலான் எல்லாப் பருவத்திலும் சுற்றி வருகிறது. ஒரு தெருவுக்குள் இத்தனை கணக்கு!

நம் பஞ்சாங்கத்திலும் குழப்பம் உண்டு. 2023-ல் ஆடி முதல் தேதி ஒரு அமாவாஸ்யை, 31-ம் தேதி இன்னொன்று. எது ஆடி அமாவாஸ்யை என்று எத்தனை போன்! அந்தச் சந்திர மாதம் குஜராத்தில் அதிக ச்ராவணமாக இருந்தது. அடுத்த அதிக மாஸம் 2026-ல் மே 17 முதல் ஜூன் 15 வரை, அதிக ஜ்யேஷ்டம்.

ஆகவே வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு வெறும் திதியை மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். தமிழ் மாதம், பக்ஷம், திதி மூன்றையும் எழுதி, "சௌரமானம்" என்ற வார்த்தையையும் சேர்த்து, ஒவ்வொரு வருஷமும் ஆங்கிலத் தேதியையும் சொல்லிவிடுங்கள். ஒரே மாதத்தில் அதே திதி இரண்டு தடவை வந்தால் வாத்தியாரைக் கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

தம்பி செப்டம்பர் 12-ல் மறுபடியும் செய்தான். இங்கிருந்து வாத்தியார் போனில் மந்திரம் சொல்ல, அவன் அங்கே பிண்டம் வைத்தான். முடிந்ததும், "அண்ணா, அப்பாவுக்கு இந்த வருஷம் ரெண்டு தடவை ஆயிடுத்து, கோவிச்சுப்பாரா?" என்று கேட்டான். அப்பா ரிடையர் ஆகும் வரை எந்தக் கணக்கையும் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தவர். அதைத்தான் அவனுக்குச் சொன்னேன்.

உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் இப்போது கேட்கலாம். நமஸ்காரம்.