இரவற் குரல்



மேடையில் நடிப்பவன் தன் வாயாலேயே பேசியாக வேண்டும். பேசும் படம் வந்த பின்னர் அந்த நியதி தளர்ந்தது. முகம் ஒருவருடையதாகவும் குரல் மற்றொருவருடையதாகவும் அமைவது இயல்வதாயிற்று. இவ்வாறு பிறர் முகத்திற்குக் குரல் ஈவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட ஒரு ஜெர்மானியக் கலைஞரைப் பற்றி இன்று சில சொல்ல விழைகின்றேன். அவர் பெயர் தாமஸ் டானெபெர்க்.

ஜெர்மனியில் திரையிடப்பெறும் அயல்நாட்டுப் படங்களுள் பெரும்பாலானவை ஜெர்மன் மொழியிலேயே பேசுகின்றன. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் வெளிநாட்டுப் படங்கள் அந்நாட்டிற்குள் பெருவாரியாக வந்தன. அவற்றிற்குக் குரல் மாற்றும் நிலையங்கள் பெர்லின் முதலிய நகரங்களில் எழுந்தன. 1949ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘பெர்லினர் ஸிங்க்ரோன்’ அவற்றுள் புகழ் பெற்ற ஒன்று. அப்பெர்லின் நகரிலேதான் 1942ஆம் ஆண்டில் டானெபெர்க் பிறந்தார்.

அவர் குரல் கொடுத்த நடிகர்களின் வரிசை வியப்பூட்டுவது. அமெரிக்கரான சில்வெஸ்டர் ஸ்டாலோனும் ஜான் டிரவோல்டாவும், ஆங்கில நகைச்சுவை நடிகர் ஜான் கிளீஸும், இத்தாலியரான டெரன்ஸ் ஹில்லும், ஆஸ்திரியாவில் பிறந்த ஆர்னால்டு ஷ்வார்ஸ்நெகரும் ஜெர்மானிய மக்களுக்குப் பல்லாண்டுகள் இவர் குரலிலேயே பேசினர். முரடனுக்கு ஒரு குரல், குறும்பனுக்கு ஒரு குரல், கோணங்கிக்கு ஒரு குரல் என்று ஒரே தொண்டையிலிருந்து எத்தனையோ மனிதர்கள் பிறந்தனர்.

இவ்விடத்தில் ஒரு புதுமையைக் கருதுங்கள். ஷ்வார்ஸ்நெகரின் தாய்மொழியே ஜெர்மன். டெரன்ஸ் ஹில்லின் அன்னையார் ஜெர்மானியப் பெண்மணி; அவரும் இளமையில் சில ஆண்டுகள் ஜெர்மனியில் வளர்ந்தவர். ஆயினும் அவ்விருவருக்கும் ஜெர்மன் மொழியில் பேச டானெபெர்க் தேவைப்பட்டார். ஒரு மொழியை அறிந்திருத்தல் வேறு. அம்மொழியில் முன்னமே படமாகிவிட்ட வாயசைவிற்கு உயிர் ஊட்டுதல் வேறு. அன்றியும், ஒரு முகத்தோடு ஒரு குரலைக் கேட்டுப் பழகிய செவி, பின்னர் வேறொன்றை எளிதில் ஏற்பதில்லை. ஆதலின் ஒரு நடிகருக்கு இயன்றவரை ஒரே குரலை அமைப்பது அந்நாட்டு வழக்கம்.

இப்பணி நடைபெறும் முறையையும் சிறிது காண்போம். முதலில் ஒருவர் உரையாடலைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கின்றார். பின்னர் உரையாடல் ஆசிரியர் அதனை நடிகரின் உதட்டசைவிற்கு இயையுமாறு திருத்தி எழுதுகின்றார். பகரமும் மகரமும் இதழ்கள் இயைந்து பிறப்பன என்று நம் இலக்கணம் பயின்ற சிறுவனும் அறிவான். திரையில் இதழ்கள் மூடும் நொடியில் அத்தகைய ஒலி வந்து விழவேண்டும். இல்லையேல் பொய் வெளிப்பட்டுவிடும். படம் சில வாக்கியங்களே கொண்ட சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படும். குரல் நடிகர் ஒவ்வொரு துண்டையும் பார்த்து, மூலக் குரலைக் கேட்டு, ஒலிவாங்கியின் முன் நின்று பேசுவார். பல வேளைகளில் எதிர்ப்பேச்சுப் பேசுபவர் அருகில் இருப்பதில்லை. வெற்றிடத்தை நோக்கிச் சினக்கவும் வேண்டும், அழவும் வேண்டும். டானெபெர்க் குரல் கொடுத்ததோடு நில்லாமல், உரையாடல் எழுதியும், இப்பணியை நெறிப்படுத்தும் இயக்குநராக விளங்கியும் இக்கலையின் எல்லாப் படிகளிலும் பயின்றவர்.

ஒருவரே பலருக்குக் குரல் கொடுப்பதில் இடர்ப்பாடும் உண்டு. 2010இல் வெளிவந்த ‘தி எக்ஸ்பெண்டபிள்ஸ்’ என்னும் படத்தில் ஸ்டாலோனும் ஷ்வார்ஸ்நெகரும் ஒரு தேவாலயத்தில் எதிரெதிரே நின்று உரையாடுகின்றனர். ஜெர்மன் வடிவில் அவ்விருவரும் டானெபெர்க்கே! தமக்குத் தாமே வினாவி, தமக்குத் தாமே விடை பகர்ந்தார். ஆனால், 2013இல் அவ்விரு நடிகரும் ‘எஸ்கேப் பிளான்’ என்னும் படத்தில் நெடுநேரம் சேர்ந்து தோன்றியபோது, ஸ்டாலோனுக்கு இவரும் மற்றவருக்கு வேறொரு கலைஞரும் பேசினர்.

இனி, இத்தொழிலின் பொறுப்பைப் பற்றி ஒரு சொல். பிறர் வாயில் சொல்லை வைக்கும் உரிமை பெற்றவன் எதை வைக்கலாம்? 1971ஆம் ஆண்டின் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரான ‘தி பெர்சுவேடர்ஸ்’, மறு ஆண்டு ஜெர்மனிக்குச் சென்றபோது, ரைனர் பிராண்ட் என்பார் மூலத்தில் இல்லாத வேடிக்கைப் பேச்சுகளைத் தாராளமாகப் புகுத்தினார். மக்கள் கேட்டு மகிழ்ந்தனர். அதனால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால், 1942இல் அமெரிக்காவில் எடுக்கப்பெற்ற ‘காஸாபிளாங்கா’ 1952இல் ஜெர்மனியில் வெளியானபோது நிகழ்ந்தது வேறு. நாஜிகள் வரும் காட்சிகள் நீக்கப்பெற்று, ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம் குறைந்தது. நாஜிகளை எதிர்த்துப் போராடிய வீரர் விக்டர் லாஸ்லோ, கதிர் ஆராய்ச்சி செய்யும் நார்வே நாட்டு அறிஞராக மாற்றப்பெற்றார்! 1975இல்தான் முழுப்படமும் புதிதாகக் குரல் சேர்க்கப்பெற்று அம்மக்களை அடைந்தது. நகைப்பைக் கூட்டுவது ஒன்று. ஒரு நாடு தன் குற்றத்தைக் காணாதவாறு மறைப்பது மற்றொன்று. உதடு பொருந்தினால் போதாது, உண்மையும் பொருந்தவேண்டும்.

டானெபெர்க் 2023ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் முகத்தை அறியாத எத்தனையோ பேர் அவர் குரலைக் கேட்டே வளர்ந்தனர். இன்று மனிதக் குரலை இயந்திரமே போலச் செய்யும் காலம் வந்துவிட்டது. ஓசையை அது பற்றிக்கொள்ளலாம். ஆயினும், அயலான் ஒருவனது துன்பத்தைத் தன் நெஞ்சில் வாங்கி, அதனைத் தன் மக்களுக்குத் தாய்மொழியில் எடுத்துரைத்தவர் ஒரு மனிதர். அடுத்த முறை மொழிமாற்றப் படம் ஒன்றைக் காணும்போது, திரைக்குப் பின்னால் இருட்டறையில் நின்று பேசிய அந்தப் பெயரறியாத மனிதரையும் ஒரு கணம் நினையுங்கள். முகம் காட்டாது குரலால் மட்டும் உங்கள் இல்லத்திற்குள் வந்திருக்கும் எனக்கு, அவரைப் போற்றும் கடமை சற்று மிகுதியாகவே உண்டு.